பிள்ளைப் பேறு வேண்டுவோர்க்கு அரசு மருத்துவ உதவி: யாருக்கு, எப்போது, எப்படி?

(பாலவனத்தத்தில் நடந்த தம்பதியர் கூட்டத்தில் சுகாதாரக் கல்வியாளர் நிகழ்த்திய உரை)



குடும்ப நலத் துறையிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்றதும் உங்களில் சிலருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று எனக்குத் தெரியும். "ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க வந்திருக்காங்க" என்று நினைத்திருப்பீர்கள். அப்படி நினைப்பதில் தப்பில்லை. 1952இல் நம் நாட்டில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது; பின்னாளில் சுவரில் சிவப்பு முக்கோணம், பஸ்ஸில் சிவப்பு முக்கோணம், தீப்பெட்டியில்கூடச் சிவப்பு முக்கோணம் என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 1977இல் அந்தப் பெயர் "குடும்ப நலம்" என்று மாறியது. பெயர் மாறினாலும், பிள்ளை அதிகமாக உள்ளவர்களுக்குத்தான் அந்தத் துறை, பிள்ளை இல்லாதவர்களுக்கு அங்கே என்ன வேலை என்ற எண்ணம் மட்டும் மாறவில்லை.

இன்று நான் பேச வந்தது பிள்ளை இல்லாதவர்களைப் பற்றித்தான்.

நம் ஊரில் கல்யாணமான மூன்றாம் மாதமே, கோயில் வாசலிலும் குழாயடியிலும் "என்ன தாயி, ஏதும் விசேஷம் உண்டா?" என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். கேட்பவருக்கு அது நலம் விசாரிப்பு. கேட்கப்படுபவளுக்கு அது முள். ஒரு வருஷம் போனால் வளைகாப்புக்கு அழைப்பு வராது. இரண்டு வருஷம் போனால் மாமியார் வீட்டில் பேச்சு வேறு மாதிரி ஆகிவிடும். இதிலே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மலடி என்ற சொல்லைத் திண்ணையில் உட்கார்ந்து சர்வ சாதாரணமாகச் சொல்லுகிறோம். அதற்கு ஆண்பால் சொல்லை யாராவது வாயால் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2023இல் ஒரு கணக்கு வெளியிட்டது. வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர், வாழ்க்கையில் எப்போதாவது ஒரு காலத்தில், கருத்தரிக்க முடியாத நிலையை அனுபவிக்கிறார்கள். பணக்கார நாடு, ஏழை நாடு என்று இதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே இந்தக் கூட்டத்தில் இருக்கும் அறுபது எழுபது பேரில் பத்துப் பேருக்காவது இந்தக் கவலை இருந்திருக்கும், அல்லது இருக்கும். யார் என்று நான் கேட்கப் போவதில்லை.

முதலில் காலக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எந்தத் தடுப்பு முறையும் இல்லாமல் கணவன் மனைவியாக ஒரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்கவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மனைவிக்கு 35 வயது தாண்டிவிட்டால் ஆறு மாதம் போதும், அதற்குமேல் காத்திருக்கக் கூடாது. சட்டமும் இதே ஒரு வருஷத்தைத்தான் சொல்லுகிறது. 2021இல் இயற்றப்பட்டு 2022 ஜனவரி 25 முதல் நடைமுறைக்கு வந்த கருத்தரிப்பு உதவித் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், ஒரு வருஷம் முயன்றும் கருத்தரிக்காத நிலை அல்லது மருத்துவ ரீதியாக நிரூபிக்கப்பட்ட வேறு காரணம், இவைதான் குழந்தையின்மை என்று வரையறுத்திருக்கிறது.

"சேர்ந்து வாழ்ந்து" என்று சொன்னேன். அதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம்முடையது வானம் பார்த்த பூமி. மழை ஏமாற்றினால் ஆம்பளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும், கேரளாவுக்கும், வளைகுடாவுக்கும் கிளம்பிவிடுகிறார்கள். பொங்கலுக்கு ஒரு வாரம், பங்குனிப் பொங்கலுக்கு நாலு நாள், தீபாவளிக்கு மூன்று நாள் என்று வந்து போகிறார்கள். அப்புறம் "கல்யாணமாகி மூணு வருஷமாச்சு, ஒண்ணும் இல்லை" என்று அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்லுகிறார்கள். மூன்று வருஷத்தில் இருவரும் ஒன்றாக இருந்த நாட்களை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், இரண்டு மாதம்கூடத் தேறாது. அதிலும் சினைமுட்டை வெளிவரும் காலம் என்று மாதத்தில் சில நாட்கள்தான் இருக்கின்றன. அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்னால் முட்டை வெளிவருகிறது. அந்த நாளும் அதற்கு முந்திய ஐந்து நாட்களுமே கரு தங்கும் காலம். புருஷன் ஊருக்கு வந்த நாலு நாளும் அவள் வீட்டுக்குத் தூரமாக இருந்தால் அந்த மாதம் முடிந்தது. இப்படிப்பட்ட தம்பதியருக்கு முதல் மருந்து, மூன்று நான்கு மாதம் ஒன்றாக இருப்பதுதான். செலவு உண்டு, கூலி போகும், எனக்கும் தெரியும். ஆனால் ஊசி மருந்துக்கு ஆகும் செலவை நினைத்தால் இது குறைவு.

இனி பரிசோதனைக்கு வருகிறேன். இங்கேதான் நிறைய வீடுகளில் வண்டி நின்று போகிறது.

புரட்டாசியில் விதைப்பதற்கு முன்னால் என்ன செய்கிறோம்? உளுந்தோ, சோளமோ, பருத்தியோ, நூறு விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுற்றி வைத்து எத்தனை முளைக்கிறது என்று பார்க்கிறோம். எண்பது முளைத்தால் விதை தேறும் என்கிறோம். முளைக்காவிட்டால் நிலத்தைத் திட்டுகிறோமா? விதையை மாற்றுகிறோம். இந்தப் புத்தி காட்டில் இருக்கிறது, வீட்டுக்கு வந்ததும் எங்கே போய்விடுகிறது? பிள்ளை இல்லாத தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கிறது. தனியாகவோ, பெண் பக்கத்துக் காரணத்தோடு சேர்ந்தோ இருக்கிறது. ஆனால் மருத்துவமனைக்கு வருவது யார்? மனைவியும் அவளுடைய அம்மாவும். புருஷன் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டு நிற்பார்.

விந்துப் பரிசோதனை என்பது எல்லாப் பரிசோதனைகளிலும் மிக எளியது. ஊசி இல்லை, வலி இல்லை. இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மேற்படாமலும் சேர்க்கை இல்லாமல் இருந்து, மருத்துவமனை தரும் புட்டியில் சேகரித்துக் கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு கணக்குப்படி ஒரு மில்லி லிட்டரில் 1 கோடியே 60 லட்சம் உயிரணுக்கள், அவற்றில் 42 சதவிகிதம் அசைவோடு இருப்பது கீழ் எல்லை. அதற்குக் குறைந்தால் உடனே பிள்ளை இல்லை என்று அர்த்தமில்லை. ஒரு தடவை குறைந்திருந்தால் சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். காய்ச்சல் வந்து போயிருந்தால்கூட இரண்டு மூன்று மாதத்துக்கு எண்ணிக்கை இறங்கியிருக்கும். புதிய உயிரணு உருவாகி வர அத்தனை நாள் ஆகிறது. அதே காரணத்தால்தான் பீடியையும் குடியையும் இன்றைக்கு நிறுத்தினால் பலன் மூன்று மாதம் கழித்துத் தெரிகிறது. செங்கல் சூளை, பாய்லர், நாள் முழுக்க லாரி எஞ்சின் சூட்டில் உட்கார்ந்திருப்பது, இவையும் எண்ணிக்கையைக் குறைக்கக்கூடியவை.

ஆண்மை வேறு, உயிரணு எண்ணிக்கை வேறு என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். உடம்பில் தெம்பாக, தாம்பத்தியத்தில் குறையில்லாமல் இருக்கிறவருக்கும் உயிரணு ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். அது அவருடைய ஆண்மைக்கு இழுக்கு இல்லை. சின்ன வயதில் வந்த பொன்னுக்கு வீங்கி, விரையில் நரம்பு சுருண்டு கிடப்பது, வழியில் அடைப்பு என்று காரணம் ஏதாவது இருக்கும். சிலவற்றைச் சரி செய்யவும் முடியும். இது தெரியாமல்தான், மாதத்தில் ஒரு நாள் ஏதோ ஒரு லாட்ஜில் வந்து உட்காரும் வைத்தியரிடம் போய்ப் பத்தாயிரம் இருபதாயிரம் கொடுத்து லேகியம் வாங்கி வருகிறார்கள். உடம்பைத் தேற்றுவதாகச் சொல்லி ஆண் ஹார்மோன் ஊசி போடுகிற வழக்கமும் இப்போது இளவட்டங்களிடம் வந்திருக்கிறது. அந்த ஊசி, உள்ளே உயிரணு உற்பத்தியை அடியோடு நிறுத்திவிடும். பிள்ளை வேண்டுமென்று நினைக்கிற ஆண் அதைத் தொடவே கூடாது.

ஊர்ப் பெயர் சொல்லாமல் ஒன்று சொல்லுகிறேன். நம் பக்கத்து ஊரில் ஒரு குடும்பம். ஏழு வருஷம் பிள்ளையில்லை என்று மருமகளை அவளுடைய ஊருக்கே அனுப்பிவிட்டார்கள். பையனுக்கு இன்னொரு பெண்ணைக் கட்டி வைத்தார்கள். முதல் மனைவி இருக்கும்போது இன்னொரு கல்யாணம் 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி செல்லாது, குற்றமும்கூட. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில்தான் அது நடந்தது. இரண்டாவது பெண்ணுக்கும் நாலு வருஷம் ஆகிவிட்டது. அந்தப் பெண் தைரியசாலி, புருஷனைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்தாள். பரிசோதித்தால் உயிரணு இல்லை. பதினோரு வருஷம், இரண்டு பெண்களின் வாழ்க்கை. அரைநாள் வேலையில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

பெண்களுக்குப் பார்ப்பது ரத்தத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு. பிறகு ஸ்கேனில் கருப்பை, சினைப்பை. அதன் பிறகு கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே. இந்தக் கடைசிப் பரிசோதனை முக்கியம். நம் நாட்டில் கருக்குழாய் அடைப்புக்கு ஒரு பெரிய காரணம் காச நோய். இருமலே இல்லாமல் கருப்பையிலும் குழாயிலும் காச நோய் குடியிருக்கும். அதற்குரிய மருந்து அரசில் முழுக்க இலவசம். இன்னொரு காரணம், "முதல் பிள்ளை இப்போதைக்கு வேண்டாம்" என்று மருத்துவரைக் கேட்காமல் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிக் கருவைக் கலைத்துக்கொள்வது. கழிவு உள்ளே தங்கிப் புண்ணாகிக் குழாய் ஒட்டிக்கொள்ளும். பிள்ளையைத் தள்ளிப்போட நல்ல முறைகள் எத்தனையோ இருக்கும்போது இது தேவையே இல்லாத வினை.

சினைப்பை நீர்க்கட்டி என்று சொல்லிப் பயந்து வருகிறவர்கள் இப்போது நிறைய. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் கத்தி வைக்கிற கட்டி அல்ல அது. முட்டை சரியாக முதிர்ந்து வெளிவராத நிலை. 70 கிலோ எடையுள்ள ஒரு பெண் மூன்றரை கிலோ குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்குக்கு வந்து, மாத்திரையிலேயே கரு தங்கிவிடுகிறது. அக்கா மகளைக் கட்டியதால்தான் பிள்ளை இல்லை என்று சிலர் சொல்லுவார்கள். சொந்தத்தில் கட்டினால் பிறக்கும் குழந்தைக்குப் பரம்பரை நோய்கள் வரும் வாய்ப்பு கூடும், அது உண்மை. கரு தங்காததற்கு அதையே காரணமாகச் சொல்ல முடியாது.

இந்தப் பரிசோதனைகளை எங்கிருந்து தொடங்குவது? துணை சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைப் பாருங்கள். அங்கிருந்து அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனை, அதற்கு மேல் 2022 ஜனவரி 12இல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதற்கும் மேல் மதுரை இராஜாஜி மருத்துவமனை. முட்டை வளர மாத்திரை கொடுப்பது, தைராய்டைச் சரி செய்வது, காச நோய்க்கு மருந்து கொடுப்பது, நரம்புச் சுருளுக்கு அறுவை சிகிச்சை செய்வது போன்றவற்றுக்குச் சோதனைக் குழாய் தேவையில்லை. பிள்ளையில்லை என்று வருகிறவர்களில் பெரும்பகுதியினருக்கு இந்தப் படிகளே போதும். இதை ஏன் சொல்லுகிறேன் என்றால், சினிமாவுக்குப் போகிற மாதிரி நேராகப் பெரிய கருத்தரிப்பு மையத்துக்குப் போய் முதல் நாளே "சோதனைக் குழாய் முறைதான்" என்று கேட்டுக்கொண்டு, நிலத்தை ஒத்தி வைத்துவிட்டு வருகிறவர்களை நான் பார்க்கிறேன். தனியாரில் ஒரு முறைக்கே ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் ஆகிவிடுகிறது. ஒரு முறையில் முடிவதுமில்லை.

அந்தப் பெரிய முறையும் அரசிடம் கிடைக்குமா என்று கேட்பீர்கள். கிடைக்கும். தமிழ்நாட்டில் சென்னை எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனையிலும், மதுரை இராஜாஜி மருத்துவமனையிலும் செயற்கைக் கருத்தரிப்பு மையம் அமைக்கப்படும் என்று அரசு அறிவித்தது. எழும்பூர் மையம் 2024இல் திறக்கப்பட்டது. 1844இல் தொடங்கிய மருத்துவமனை அது, பிரசவத்துக்குப் பேர் போனது. பிள்ளையே இல்லாதவர்களுக்கும் இப்போது அங்கே ஒரு கதவு திறந்திருக்கிறது. கோவாவில் அரசு மருத்துவக் கல்லூரியில் 2023இல் இந்தச் சிகிச்சையை இலவசமாகவே ஆரம்பித்தார்கள். டில்லி எய்ம்ஸிலும் உண்டு. இன்னும் சொல்லப்போனால், இந்தியாவில் முறைப்படி பதிவு செய்யப்பட்ட முதல் சோதனைக் குழாய் குழந்தை 1986 ஆகஸ்டு 6இல் பிறந்தது எந்த நட்சத்திர ஆஸ்பத்திரியிலும் இல்லை. பம்பாய் மாநகராட்சி நடத்தும் கே.இ.எம். மருத்துவமனையில், டாக்டர் இந்திரா ஹிந்துஜாவின் கையில் பிறந்தது. அதற்கும் முன்னால் 1978இல் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் சாதித்துக் காட்டியபோது, அவர் சொன்னதை அன்றைய அரசாங்கக் கமிட்டி நம்பவில்லை. அந்த மனுஷர் 1981இல் மனமுடைந்து உயிரை விட்டார். அது தனிக்கதை, நினைத்தால் வயிறு எரியும்.

காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்று நம்பித் தனியாருக்குப் போய்விடாதீர்கள். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் கருத்தரிப்புச் சிகிச்சை விலக்கப்பட்ட இனங்களில் ஒன்று. அட்டையைக் காட்டினால் எல்லாம் நடக்கும் என்று வழியில் யாராவது சொன்னால், மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சரி, தகுதி யாருக்கு? அரசு மருத்துவமனைக்கும் தனியாருக்கும் சட்டம் ஒன்றுதான். மனைவிக்கு 21 வயதுக்கு மேல், 50 வயதுக்குள். கணவனுக்கு 21 வயதுக்கு மேல், 55 வயதுக்குள். 18 வயதில் கட்டிக்கொடுத்து, 19 வயதில் "இன்னும் பிள்ளையில்லை, சோதனைக் குழாய்க்குக் கூட்டிட்டுப் போகணும்" என்று சொல்லும் மாமியார்கள் இதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். 21 ஆகாத பெண்ணுக்குச் சட்டம் இதை அனுமதிக்கவில்லை. கணவன் மனைவி இருவரும் எழுத்து மூலம் சம்மதம் தர வேண்டும். மாமனார் கையெழுத்து எடுபடாது. கருவை உள்ளே வைப்பதற்கு முன்னால் எந்த நேரத்திலும் சம்மதத்தைத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு. ஆண் குழந்தைதான் வேண்டும் என்று கேட்பதும் தேர்ந்தெடுத்துத் தருவதும் குற்றம்.

சட்டம் 50 வரை என்று சொல்லிவிட்டதே, மெதுவாகப் போகலாம் என்று இருந்துவிட வேண்டாம். சட்டத்தின் எல்லை வேறு, உடம்பின் எல்லை வேறு. 35 வயதுக்குள் இருக்கும் பெண்களுக்கே இந்த முறையில் நூறு முயற்சியில் முப்பது, நாற்பதுதான் பலிக்கிறது. 40 தாண்டினால், சொந்த முட்டையில், அது மிகவும் இறங்கிவிடுகிறது. அதனால்தான் அரசுப் பணத்தில் இதைச் செய்கிற நாடுகளெல்லாம் வயதை இறுக்கிப் பிடிக்கின்றன. ஜப்பானில் 2022 ஏப்ரல் முதல் தேசியக் காப்பீட்டிலேயே இதைச் சேர்த்தார்கள். ஆனால் 43 வயதுக்குள் தொடங்க வேண்டும், 40க்குள் தொடங்கினால் ஒரு குழந்தைக்கு ஆறு முறை, அதற்கு மேல் மூன்று முறை. இங்கிலாந்தில் அரசு மருத்துவ வழிகாட்டுதல்படி 40 வயதுக்குட்பட்ட பெண்ணுக்கு மூன்று முறை தரலாம். ஆனால் பல வட்டாரங்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். தம்பதியரில் ஒருவருக்கு முன்பே பிள்ளை இருந்தாலோ, புகை பிடித்தாலோ, எடை கூடியிருந்தாலோ அங்கே பல இடங்களில் பட்டியலில் சேர்க்க மாட்டார்கள். ஒரே நாட்டில் இந்தத் தெருவுக்கு உண்டு, அடுத்த தெருவுக்கு இல்லை என்று அங்கேயும் புகைச்சல்தான். நம் ஊரில் எடையைச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள் என்று யாராவது கோபித்தால், காரணம் மருத்துவமே தவிர அவமானப்படுத்துவது அல்ல. எடை கூடிய பெண்ணுக்கு மயக்க மருந்திலும் பேறுகாலத்திலும் ஆபத்து கூடும்.

கையில் என்ன இருக்க வேண்டும்? இருவருடைய ஆதார், ரேஷன் கார்டு, வயதுக்கு அத்தாட்சி, திருமணப் பதிவுச் சான்று. தமிழ்நாட்டில் 2009 முதல் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயம். ஆனால் நம் பக்கம் பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, ஊர் கூடிக் கல்யாணம் பண்ணுகிறோம், பதிவு மட்டும் செய்வதில்லை. அப்படி விட்டவர்கள் கல்யாணப் பத்திரிகையோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் விசாரித்து இப்போதே அந்த வேலையை முடியுங்கள். ஆதாரில் ஒரு பிறந்த தேதி, பள்ளிச் சான்றில் ஒரு தேதி என்று இருந்தால் அதையும் திருத்திவிடுங்கள். சிகிச்சைக்கு நாள் குறித்த பிறகு இதற்காக அலைந்தால் வயது நமக்காகக் காத்திருக்காது.

எல்லாவற்றையும்விட முக்கியமான காகிதம், பழைய பரிசோதனைச் சீட்டு. ஒரு மஞ்சப் பையில் முதல் சீட்டிலிருந்து கடைசிச் சீட்டு வரை தேதி வரிசையில் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். இரண்டு நாள் கூலி அதிலேயே போகும். மாதவிலக்கு வந்த தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்கிற பழக்கமும் வேண்டும். ஆறு மாதக் காலண்டரைக் கொண்டுவரும் பெண்ணுக்கு மருத்துவர் சீக்கிரம் வழி சொல்லிவிடுவார்.

இலவசம் என்றால் ஒரு காசு செலவில்லை என்று நினைத்துக் கிளம்பி, நடுவழியில் விட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு. சோதனைக் குழாய் முறையில் பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் ஊசி. நடுவில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்கேன். பிறகு மயக்கம் கொடுத்து முட்டை எடுப்பது, வெளியே கணவனின் உயிரணுவோடு சேர்ப்பது, மூன்றிலிருந்து ஐந்து நாளில் கருவை உள்ளே வைப்பது. அதற்குப் பின் இரண்டு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை. இங்கிருந்து மதுரையென்றால் பஸ்ஸில் போய் வரலாம். சென்னையென்றால் தங்க வேண்டும். பருத்தி எடுப்பு நேரத்திலோ, மல்லிகை பூத்துக் குலுங்குகிற சித்திரை வைகாசியிலோ இதை வைத்துக்கொண்டால் வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் முகத்தைத் தூக்குவார்கள். வேலை ஓய்ந்த மாதமாகப் பார்த்து, பஸ் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் ஒதுக்கி வைத்துக்கொண்டு நாள் கேளுங்கள். எந்த மருத்துவமனையில் எந்தக் கிழமை இந்தப் பிரிவு நடக்கிறது என்று 104 எண்ணில் விசாரித்துவிட்டுப் போங்கள்.

இன்னொரு வகைத் தம்பதியர் உண்டு. இரண்டு பிள்ளை போதும் என்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு, பிறகு விபத்திலோ நோயிலோ பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள். அவர்களிடம் ஆறுதல் சொல்ல எனக்கு வார்த்தை வருவதில்லை. ஆனால் தகவல் சொல்ல முடியும். கட்டிய கருக்குழாயை மறுபடி இணைக்கும் அறுவை சிகிச்சை உண்டு. 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்து நாகப்பட்டினம் கரையில் ஒரே காலையில் எத்தனையோ வீடுகளில் எல்லாப் பிள்ளைகளும் போனபோது, அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்த தாய்மாருக்கு மறு இணைப்பு அறுவை சிகிச்சையைத் தமிழக அரசு தன் செலவில் செய்து கொடுத்தது. அரசு பணத்தில் பிள்ளைப் பேற்றுக்கு உதவி என்பது நம் மாநிலத்தில் நேற்று வந்த எண்ணமல்ல. பிள்ளையை இழந்தவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் இந்த வழி இருக்கிறது. குழாயில் மிச்சமிருக்கும் நீளம், தாயின் வயது இரண்டையும் பார்த்துத்தான் செய்வார்கள். இணைக்க முடியாத நிலையென்றால் சோதனைக் குழாய் முறை உண்டு, அதற்குக் குழாயே தேவையில்லை. ஆண்கள் செய்துகொண்ட அறுவை சிகிச்சையையும் இணைக்கலாம். வருஷம் ஆக ஆகப் பலன் குறையும்.

புரோக்கர்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் ஆதாரில் வயதை மாற்றி, அவளுடைய சினைமுட்டையைத் திரும்பத் திரும்ப எடுத்து விற்ற கொடுமை வெளியே வந்தது. பெற்ற தாயே அதில் சிக்கினாள். சட்டப்படி முட்டை தானம் தருபவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் தரலாம். பஞ்சம் பிழைக்கிற நம் மாதிரி ஊர்களைத்தான் இப்படிப்பட்டவர்கள் தேடி வருகிறார்கள். முட்டை கொடுத்தால் இருபதாயிரம் என்று யாராவது உங்கள் வீட்டுப் பெண்ணிடம் பேசினால் போலீசில் சொல்லுங்கள். பணத்துக்கு வாடகைத் தாயாக இருப்பதும் இப்போது தடை செய்யப்பட்டது.

தானம் பெற்ற முட்டையாலோ உயிரணுவாலோ பிறந்த குழந்தைக்குச் சொத்தில் பங்கு உண்டா என்று பங்காளிகள் கேட்பார்கள். உண்டு. இந்தச் சிகிச்சையில் பிறக்கும் குழந்தை அந்தத் தம்பதியரின் சொந்தக் குழந்தையே என்று சட்டம் சொல்லிவிட்டது. பெற்ற பிள்ளைக்கு உள்ள எல்லா உரிமையும் அதற்கு உண்டு.

எல்லாம் செய்தும் பலிக்காதவர்களும் இருப்பார்கள். தத்தெடுப்பது அவர்களுக்கு ஒரு வழி. சட்டப்படியான தத்துக்குக் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் உள்ள குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். கல்யாணமாகி இரண்டு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமென்றால் கணவன் மனைவி வயதைக் கூட்டினால் 85க்கு மேல் போகக் கூடாது. காத்திருக்க வேண்டியிருக்கும். ஆஸ்பத்திரியில் யாரோ பெற்றுப்போட்ட பிள்ளை என்று ரகசியமாக வாங்கிவந்தால் பின்னால் பிள்ளையும் போகும், வழக்கும் வரும். பிள்ளை வேண்டாம், நாங்கள் இருவரே போதும் என்று இருக்கிற தம்பதியரும் எனக்குத் தெரிந்து இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துப் பரிதாபப்படுவதை நாம் நிறுத்தினால் அவர்கள் நன்றாகவே இருப்பார்கள்.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். நாலாந் தமிழ்ச்சங்கத்தை 1901இல் மதுரையில் நிறுவிய பாண்டித்துரைத் தேவர் இந்தப் பாலவனத்தம் ஜமீனுக்கு உரியவர். சொல்லை அளந்து பேசிய ஊர் இது. "மலடி" என்ற அந்த ஒரு சொல்லை இந்த ஊர்த் திண்ணைகளிலிருந்து எடுத்துவிட உங்களால் முடியும்.

உங்களில் ஒரு வருஷம் தாண்டியவர்கள் நாளைக்கே செய்ய வேண்டியது இதுதான். மனைவி, கடைசியாக மாதவிலக்கு வந்த தேதியைக் குறித்துக்கொள்ளட்டும். செவிலியரிடம் சொல்லி ஃபோலிக் அமில மாத்திரை வாங்கிச் சாப்பிடத் தொடங்கட்டும், கரு தங்குவதற்கு முன்பிருந்தே அது தேவை. கணவன், இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு விந்துப் பரிசோதனைக்குத் தயாராக வரட்டும். இருவரும் சேர்ந்தே வாருங்கள். இங்கே எல்லார் முன்னிலும் கேட்கக் கூச்சமாக இருந்தால் கூட்டம் முடிந்து ஒரு மணி நேரம் நான் இந்தப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில்தான் இருப்பேன். பெண்கள் தனியாகப் பேச விரும்பினால் செவிலியர் அம்மா உள்ளறையில் இருக்கிறார்.